ஸ்டாண்டர்ட் சைஸ்

தௌனா மலை ஏற்றத்தில்
இரண்டாம் கியரிலும் முனகி,
பின்னால் வந்த பஸ்ஸையே மறைக்கும் அளவுக்கு
நீலப் புகை விட்டது நம் ஹினோ.

மீட்டர் ஏழு லட்சத்துச் சொச்சத்தில் நின்றுபோனது.
அதற்கப்புறம் ஓடியதை
டீசல் சீட்டுகளைக் கூட்டி வைத்திருக்கிறேன் நான்:
ஒன்பதரை லட்சம் கிலோமீட்டர்,
கொஞ்சம் முன்னே பின்னே.
ரப்பர் ஏற்றி முடோனிலிருந்து மியாவாடி போய்வர
ஒன்பது லிட்டர் ஆயில் குடிக்கிறது.
குடிக்கிற மனுஷனை வைத்துக் குடும்பம் நடத்தலாம்,
குடிக்கிற லாரியை வைத்து முடியாது என்றேன்.
பட்டறையில் யாரும் சிரிக்கவில்லை.

ரங்கூனில் ஒரு எஞ்சின் இருக்கிறதாம்.
ஜப்பானிலிருந்து பலகையில் கட்டி வந்தது.
வெள்ளி பெயின்ட் அடித்து, பிளாஸ்டிக் சுற்றி,
பெண் பார்க்க உட்காரவைத்த மாதிரி.
அறுபதாயிரம்தான் ஓடியது என்கிறான் விற்கிறவன்.
யார் ஓட்டினான், எதற்காக இறக்கினார்கள் என்றால்
ஜப்பானைக் கேளுங்கள் என்கிறான்.
நூற்றி அறுபது லட்சம்.
வண்டிப் புத்தகத்தில் எஞ்சின் நம்பர் மாற்ற
ஆபீஸில் தனியாக அழ வேண்டும்.

பழையதைப் பிரித்துக் கட்டினால் எழுபது.
"ஆனால் மமா, ஏற்கெனவே ஒருமுறை கட்டியதுதானே?"
என்றான் கோ ஸோ லின்.
"கிராங்கை எவ்வளவு அரைத்திருக்கிறார்கள் என்று பார்க்கணும்."

பில் என் பையில் இருந்தது.
ஒன்பது வருஷமாக இருக்கிறது.
கிராங்க் அரைத்தது. பேரிங் எழுபத்தைந்து. லைனர் ஆறு.
இருபத்திரண்டு லட்சம்.
கீழே உங்கள் கையெழுத்து,
வைரவநாதன் என்றில்லை, தான் ட்டுன் என்று.
நான் தள்ளி எடுத்த சீட்டுப் பணம் அது.

எழுபத்தைந்தா, என்று உதட்டைப் பிதுக்கினான் அவன்.
அப்படியென்றால் இன்னும் ஒரே ஒரு சைஸ்தான்.
இந்தத் தேய்மானத்துக்கு அது தாங்காது.
ரங்கூனுக்குப் போன் போடுங்கள்.
போடலாம், முதலில் திறந்து பார், என்றேன்.
எதையும் பார்க்காமல் மாற்றிப் பழக்கமில்லை எனக்கு.

மோல்மீனில் அன்று தகரம் கிழிகிற மழை.
சட்டியை இறக்கினான். கறுப்பாக வழிந்தது.
தேங்காய்ச் சில்லுபோல் வளைந்த பேரிங் ஒன்றைக் கழற்றி
அதன் முதுகைத் துடைத்தான்,
டார்ச் அடித்தான்,
என்னிடம் நீட்டினான்.

எழுபத்தைந்து என்று இல்லை.
ஸ்டாண்டர்ட்.
தொழிற்சாலையில் வைத்தது. யாரும் தொடாதது.

அவனுக்கு ஒரே சந்தோஷம்.
"மமா, நாலு சைஸும் பாக்கி இருக்கு!
இந்த எஞ்சினை ஒருத்தனும் திறந்ததே இல்லை!"
நீங்கள் வாசலில் நின்று
மழையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.
பார்க்க அதில் அப்படி ஒன்றும் இல்லை.

அந்த வாரம் முழுக்க
முழங்கைவரை கிரீஸோடு வீட்டுக்கு வந்தீர்களே,
எங்கே பூசிக்கொண்டீர்கள் அதை?
குழாயடியில் சோப்பு எடுத்துக் கொடுத்தேன்.
தேங்காய் நார்கூடக் கொண்டுவந்து கொடுத்தேன்.

கணக்கு எனக்கு எப்போதும் சட்டென்று வந்துவிடும்.
அன்று அந்த வேலை நடந்திருந்தால்
இன்று அரைக்க இரும்பு இருந்திருக்காது.
நீங்கள் எடுத்தது இருபத்திரண்டு,
இப்போது மிச்சமாவது தொண்ணூறு.
எப்படிக் கூட்டினாலும் சரியாக வருகிறது.
அதுதான் தாங்கவில்லை.

கட்டு, என்றேன் கோ ஸோ லின்னிடம்.
பேரிங் வைக்கிற அன்றைக்கு நான் வருவேன்.
ஒவ்வொன்றின் முதுகையும் நானே படிப்பேன்.
பழையதைத் தூக்கிப் போடவா என்று கேட்டான்.
வாங்கிப் பையில் வைத்தேன், பில் பக்கத்தில்.
வழியெல்லாம் அது சாவியோடு உரசிக்கொண்டே வந்தது.

வீட்டில், குழாயடியில் குனிந்தபோது
கை இரண்டும் கறுப்பு.
பின்னாலிருந்து நீங்கள் சோப்பை நீட்டினீர்கள்.

நுரை வரக் கொஞ்சம் நேரமானது.